வறுமையை முதுநிலைப் பாடமாகப் படிப்பது: வாசகர் கேள்வி – பதில்

வறுமை, ஏற்றத்தாழ்வு, பன்னாட்டு வளர்ச்சி ஆகியவற்றை முதுநிலைப் பட்டத்துக்குரிய துறையாகப் படிப்பது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு, மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு பணியாற்றும் தொண்டு நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வறுமையையும் ஏற்றத்தாழ்வையும் பற்றியே தனியாக ஒரு முதுநிலைப் படிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எம்.ஏ. பொருளாதாரத்திலும் சமூகப்பணிப் படிப்பிலும் இல்லாத எதை அதில் கற்பிக்கிறார்கள்?
– வாசகி, தருமபுரி

பதில்: பொருளாதாரமும் சமூகப்பணியும் வறுமையைத் தொடாத பாடங்கள் அல்ல. கேள்வியை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அதை விளக்க, இத்துறையில் சேரும் மாணவர் பெரும்பாலும் முதல் பருவத்திலேயே படித்துவிடும் ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 1943இல் வங்காளத்தில் ஏற்பட்ட பஞ்சத்தில் மாண்டவர்கள் முப்பது லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. நெல் விளையாமல் போனதால் வந்த பஞ்சம் என்றே அது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஆண்டு கிடைத்த அரிசியின் அளவைக் கணக்கிட்டு, அது முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதமே குறைவு என்றும், பஞ்சம் ஏதும் இல்லாத 1941ஆம் ஆண்டைவிட அதிகம் என்றும் காட்டினார். போர்ச் செலவால் கல்கத்தாவில் பணம் தாராளமாகப் புழங்கியது. அரிசி விலை பல மடங்கு ஏறியது. நகரத்துத் தொழிலாளர் பலருக்கு மலிவு விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு இருந்தது. நாட்டுப்புறத்து விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள், நாவிதர்கள் ஆகியோரின் வருமானம் மட்டும் விலைக்கு ஈடாக உயரவில்லை. சந்தையில் அரிசி இருந்தது. அதை வாங்கும் வலு அவர்களிடம் இல்லை.

ஊரில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்காமல், அதன்மீது யாருக்கு உரிமை இருக்கிறது, அந்த உரிமை எப்போது, யாரால் அறுபடுகிறது என்று கேட்பதே இந்தப் படிப்பின் அடிப்படை. வறுமையையும் ஏற்றத்தாழ்வையும் ஒரே பாடமாக வைத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற காலத்தில் வளர்ந்த துறை இது. ஹேக் நகரத்தின் சமூக ஆய்வுகள் நிறுவனம் 1952இலும், இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள வளர்ச்சி ஆய்வுகள் நிறுவனம் 1966இலும் தொடங்கப்பட்டன. மான்செஸ்டர், பர்மிங்காம், ஆக்ஸ்ஃபோர்டு, லண்டனிலுள்ள எல்.எஸ்.இ., சோவாஸ் என்ற கல்வி நிறுவனங்கள் ஆகிய இடங்களிலும் இதற்கெனத் துறைகள் உள்ளன. பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு, ஆக்ஸ்ஃபோர்டின் எம்.ஃபில். மட்டும் இரண்டு ஆண்டுகள். வறுமையை அளக்கும் முறைகள், வளர்ச்சியின் அரசியல் பொருளாதாரம், சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள், பாலினம், இடப்பெயர்வு, காலநிலை மாற்றம், ஆய்வு முறையியல் என்று பாடங்கள் அமையும். கடைசி மாதங்களில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும்.

உங்கள் குழுவில் கடன் பெறும் பெண்ணின் கையில் அந்தப் பணம் எத்தனை நாள் தங்குகிறது, எந்தக் கடனை அடைக்க எந்தக் கடன் வாங்கப்படுகிறது, வாராந்திரத் தவணை நாளன்று எந்த வீட்டில் கதவு சாத்தியிருக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை ஒழுங்காகப் பதிவு செய்யவும், பிற நாட்டு அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், உங்கள் மேலதிகாரியோ வங்கி அதிகாரியோ தட்டிக்கழிக்க முடியாதபடி எழுதவும் இந்தப் படிப்பு கற்றுக்கொடுக்கும்.

கேள்வி: நான் ஊராட்சிச் செயலராகப் பணியாற்றுகிறேன். தமிழ்நாட்டில் வறியவர்கள் வெறும் 2.20 சதவீதம்தான் என்று நிதி ஆயோக் சொல்கிறது. எங்கள் ஊராட்சியில் பாதிக்கும் மேற்பட்டோர் ரேஷன் அரிசியை நம்பியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை எப்படி நம்புவது?
– வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: முதலில் ரேஷன் அரிசியை எடுத்துக்கொள்வோம். 1997இல் மத்திய அரசு பொது விநியோகத் திட்டத்தை வறுமைக்கோட்டின்படி பிரித்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்குமான திட்டமாகவே அதைத் தொடர்ந்தது. ஆகவே அரிசி வாங்குவதை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தை வறிய குடும்பம் என்று சொல்ல முடியாது. வறுமை குறைந்ததற்கு அந்த அரிசியும் ஒரு காரணம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனி 2.20 சதவீதத்துக்கு வருவோம். இது பலபரிமாண வறுமைக் குறியீடு. இதன் கணக்கு முறை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்றில் சபினா அல்கையர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் ஆகியோர் வகுத்தது. 2010ஆம் ஆண்டின் ஐ.நா. மனித வளர்ச்சி அறிக்கை முதல் பன்னாட்டு அளவில் வழக்கத்துக்கு வந்தது. இந்தியாவில் நிதி ஆயோக் பன்னிரண்டு குறிகாட்டிகளைக் கொண்டு இதைக் கணக்கிடுகிறது. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. ஒரு குடும்பத்தின் குறைகளை இந்த மதிப்புப்படி கூட்டி, மொத்தம் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் அக்குடும்பத்தினர் அனைவரும் வறியவர் ஆவர்.

இதை ஒரு வீட்டில் பொருத்திப் பாருங்கள். விறகடுப்பு, சொந்தக் கழிப்பறை இல்லை, மண் தரை, குடிநீருக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். வாழ்க்கைத்தரப் பிரிவில் ஏழு குறிகாட்டிகள் இருப்பதால் ஒவ்வொன்றின் மதிப்பும் இருபத்தொன்றில் ஒன்று. நான்கு குறைக்கும் சேர்த்து 0.19 வருகிறது. அந்த வீட்டில் ஒருவர்கூட ஆறு ஆண்டுப் பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை என்றால் ஆறில் ஒரு பங்கு சேர்ந்து 0.36 ஆகிறது, மூன்றில் ஒன்றைத் தாண்டிவிட்டதால் அவர்கள் வறியவர்கள். அடுத்த ஆண்டு மூத்த மகள் ஆறாம் வகுப்பை முடிக்கிறாள் என்று வையுங்கள். கல்விக் குறை கணக்கிலிருந்து முழுவதும் நீங்கிவிடுகிறது, ஏனெனில் வீட்டில் ஒருவர் படித்திருந்தாலே போதும். மதிப்பெண் 0.19க்கு இறங்குகிறது. அதே விறகடுப்பு, அதே மண் தரை, அதே குடத்தோடு நடக்கும் தாய். புள்ளிவிவரத்தில் அந்தக் குடும்பமே வறுமையிலிருந்து வெளியேறிவிட்டது. வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதில் பணம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. செங்கல் சூளையில் வாங்கிய முன்பணம் எவ்வளவு, வட்டிக்காரரிடம் எவ்வளவு பாக்கி என்பவற்றுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

இதனால் குறியீடு பொய் என்று சொல்லிவிட வேண்டாம். அந்த மகள் ஆறாம் வகுப்பு முடித்தது உண்மையான மாற்றம், பெரிய மாற்றம். 2015–16 முதல் 2019–21 வரையிலான காலத்தில் இந்திய அளவில் இந்த விகிதம் 24.85 சதவீதத்திலிருந்து 14.96 சதவீதமாகவும், தமிழ்நாட்டில் 4.76இலிருந்து 2.20 சதவீதமாகவும் குறைந்திருப்பது, சமையல் எரிவாயு, கழிப்பறை, பள்ளி ஆகியவை பரவலாகப் போய்ச் சேர்ந்ததைக் காட்டுகிறது. மிக மோசமான இல்லாமையைக் கண்டறியச் செய்யப்பட்ட கருவி அது. பீகாருக்கும் நமக்கும் உள்ள தூரத்தை அது நன்றாகவே அளக்கிறது. உங்கள் ஊராட்சியில் குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இடையிலுள்ள தூரத்தை அதனால் அளக்க முடியாது.

கோடு எங்கே போடப்படுகிறது என்பதே எண்ணிக்கையை எவ்வளவு மாற்றிவிடும் என்பதற்கு இன்னொரு சான்று. 2011–12ஆம் ஆண்டுக்கு டெண்டுல்கர் குழுவின் முறைப்படி, கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய் என்று கோடு போட்டபோது இந்தியாவில் வறியவர்கள் ஏறத்தாழ 27 கோடி. ரங்கராஜன் குழு அதே ஆண்டுக்கு 972, 1,407 என்று கோட்டைச் சற்று உயர்த்தியபோது அவர்கள் 36 கோடிக்கு மேல். ஒன்பது கோடிப் பேர் வறியவரா இல்லையா என்பது, மாதத்துக்குச் சில நூறு ரூபாயை ஒரு குழு எப்படிக் கணக்கிட்டது என்பதைப் பொறுத்திருந்தது. ஊராட்சி அலுவலகத்தில் பயனாளிப் பட்டியல் தயாரித்த அனுபவம் உங்களுக்கு உண்டு. கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலே நிற்பவரின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: உலகிலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் இந்தியாவுக்கு நான்காம் இடம் என்று 2025இல் செய்தி வந்தது. இந்தியச் சொத்தில் 40 சதவீதம் ஒரு சதவீதத்தினரிடம் இருப்பதாக அதற்கு முந்தைய ஆண்டுதான் படித்தேன். எது சரி?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன. முதல் செய்தியின் அடிப்படை, ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி எண் உலக வங்கியின் கணக்கில் இந்தியாவுக்கு 2022–23இல் 25.5 என்று இருந்ததுதான். இந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு சமத்துவம் என்று பொருள். இந்தியாவின் எண் குடும்பங்களின் நுகர்வுச் செலவைக் கொண்டு கணக்கிடப்பட்டது. அந்த ஒப்பீட்டில் வைக்கப்பட்ட பல நாடுகளின் எண்ணோ வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது. வருமானத்தில் இருக்கும் இடைவெளியைவிட நுகர்வில் இருக்கும் இடைவெளி பொதுவாகச் சிறியது. மாதம் பத்தாயிரம் ரூபாய் ஈட்டும் குடும்பம் பத்தாயிரத்தையும் செலவழிக்கிறது, சில மாதங்களில் கடன் வாங்கி அதற்கு மேலும் செலவழிக்கிறது. மாதம் பத்து லட்சம் ஈட்டும் குடும்பம் அதில் ஒரு பகுதியையே செலவழிக்கும். மிச்சம் மனையாகவும் பங்காகவும் மாறும். போதாக்குறைக்கு, கணக்கெடுப்பாளர் கூலித் தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்க முடியும். காவலாளி நிற்கும் மாளிகைக்குள் நுழைவது அத்தனை எளிதல்ல. உச்சியில் இருப்பவர்கள் இத்தகைய கணக்கெடுப்புகளில் அகப்படாமல் போவது எல்லா நாடுகளிலும் உள்ள சிக்கல்.

இரண்டாவது எண் பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. வரிக் கணக்குகள், செல்வந்தர் பட்டியல்கள், தேசியக் கணக்குகள் ஆகியவற்றை இணைத்து, 2022–23இல் இந்தியாவின் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் வருமானத்தில் 22.6 சதவீதத்தையும் சொத்தில் 40.1 சதவீதத்தையும் வைத்திருப்பதாக அது மதிப்பிட்டது. இதிலும் ஊகங்கள் உண்டு. நம் நாட்டில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வோர் மக்கள்தொகையில் சிறு பகுதியினரே. இருந்தும், சொத்துக் குவிப்பைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் நுகர்வு ஜினியைக் காட்டிச் சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்வது தவறான ஒப்பீடு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த 25.5ஐ வெளியிட்ட உலக வங்கியின் குறிப்பே, கணக்கெடுப்பின் குறைகளால் ஏற்றத்தாழ்வு குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்றும், வேறொரு தரவுத் தளத்தின்படி வருமான ஜினி 2004இல் 52ஆக இருந்து 2023இல் 62ஆக உயர்ந்திருக்கிறது என்றும் சேர்த்தே சொல்லியிருந்தது. செய்தியாக வெளிவந்தபோது அந்த வரிகள் உதிர்ந்துவிட்டன. ஓர் எண்ணைப் பார்த்தவுடன், எதை அளந்தார்கள், யாரிடம் கேட்டார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்கும் பழக்கத்தை இந்தப் படிப்பு ஊட்டுகிறது. அந்தப் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் கடிதம் காட்டுகிறது.

கேள்வி: கணக்கு எனக்கு வராது. தமிழ் வழியில் வரலாறு படித்தவள். சேரலாமா?
– வாசகி, சிவகங்கை

பதில்: சேரலாம். பெரும்பாலான வளர்ச்சி ஆய்வுப் படிப்புகள் எந்தப் பாடத்தில் இளநிலை முடித்தவரையும் ஏற்கின்றன. வளர்ச்சிப் பொருளாதாரம் என்ற பெயரில் உள்ளவை மட்டும் கணிதமும் புள்ளியியலும் கேட்கும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஆனாலும் சதவீதம், சராசரி, இடைநிலை, மாதிரி எடுத்தல் ஆகிய நான்கையும் சேர்வதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள், பள்ளிப் பாடநூலே போதும். வரலாறு படித்தவருக்கு ஆவணத்தைச் சந்தேகத்தோடு வாசிக்கத் தெரியும் என்பது இத்துறையில் பெரிய பலம். ஆங்கிலத் தேர்வில் பேச்சைவிட எழுத்துப் பகுதிக்கே அதிகப் பயிற்சி தேவைப்படும்.

கேள்வி: நம்மூர் வறுமையைப் படிக்க லண்டனுக்கும் சசெக்ஸுக்கும் ஏன் போக வேண்டும்? ஆண்டவர்களே நமக்குப் பாடம் எடுப்பதாகாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது, அதை இத்துறையினரே விவாதித்துவருகிறார்கள். பணமும் பதிப்பகங்களும் பாடத்திட்டங்களும் பணக்கார நாடுகளில் இருக்க, கள அனுபவம் மட்டும் ஏழை நாடுகளிலிருந்து போகிறது என்பது உண்மை. நம் ஊரிலும் இந்தப் படிப்புக்கு நீண்ட மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். அவற்றில் ஒன்றான இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பிச் சென்றிருக்கிறார்கள். 2008இல் நடந்த மறுஆய்வு, நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி தளர்ந்ததையும் கூலிகளின் நிலை மாறியதையும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் கணக்காகப் பதிவுசெய்தது. ஒரே ஊரை இத்தனை காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் உலகில் மிகக் குறைவு. 1971இல் மால்கம் ஆதிசேசய்யா அடையாற்றில் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இந்த மரபை வளர்த்தது.

ஆனாலும், ஒரே இடத்தை மட்டும் அறிந்திருப்பதில் ஆபத்தும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று சொல்கிறேன். 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு இங்கே ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோடுவது. எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு கொடுப்பது. எடை தேறியதும் நிறுத்திவிடுவது. தாய்க்கு உணவூட்டல் பற்றி எடுத்துச்சொல்வது. கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்ததால், உலக அளவில் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. அதே அச்சில் 1990களின் நடுவில் வங்கதேசத்தில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே பிறகு ஆராய்ந்து, எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை என்று கண்டது. தாய்மார்களுக்கு அறிவுரை போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே பல கிராமங்களில் கடைக்குப் போய் உணவுப்பொருள் வாங்குபவர்கள் ஆண்கள்; கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்று முடிவு செய்பவர் மாமியார். அறிவுரை பெற்ற மருமகளிடம் அதைச் செயல்படுத்தும் அதிகாரம் இல்லை.

தமிழ்நாட்டுத் திட்டம் வென்றதற்கு எடைபோடும் கருவியும் கூடுதல் உணவும் மட்டுமே காரணம் அல்ல, நம் கிராமத்துப் பெண்கள் கடைக்கும் சந்தைக்கும் தாமே போய்வருவதும் சேர்ந்ததுதான் காரணம் என்று, வங்கதேசத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விளங்குகிறது. நமக்கு இயல்பாகத் தோன்றுவதால் நாம் அதை எழுதிவைக்கவே இல்லை. 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகியோருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த கள ஆய்வுமுறையைச் சுற்றி நடக்கும் விவாதமும் இதுவே: ஓரிடத்தில் சோதித்துப் பார்த்துப் பலன் தந்தது இன்னோரிடத்திலும் தருமா? 2015இல் நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன் அந்த முறையின் எல்லைகளைத் தொடர்ந்து சுட்டிக்காட்டுபவர். வங்கதேசத்துக்காரரும் எத்தியோப்பியரும் பெரு நாட்டவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இந்த விவாதத்துக்கு உயிர் வருகிறது. அத்தகைய வகுப்பு லண்டனில்தான் அமைய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இன்றைய நிலையில் பெரும்பாலும் அங்கே அமைகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: என் மகளுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வறுமையும் வளர்ச்சியும் பற்றிய எம்.ஏ. படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை கிடைக்கவில்லை. இருக்கும் இரண்டு ஏக்கர் நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கலாமா, விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். அவள் மிகவும் ஆசைப்படுகிறாள்.
– ஒரு தந்தை, ஈரோடு மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் மகளின் ஆர்வத்தை மதிக்கிறேன், அதனாலேயே இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலத்தை விற்க வேண்டாம். அடகும் வைக்க வேண்டாம்.

வெளிநாட்டு மாணவருக்கு இத்தகைய படிப்பின் கட்டணம் 20,000 பவுண்டிலிருந்து 30,000 பவுண்டு வரை இருக்கிறது. தங்குமிடம், உணவு, விசா, மருத்துவ வரி, பயணம் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 40 லட்சம் ரூபாயை நெருங்கும், அதைத் தாண்டவும் கூடும். 40 லட்சத்தைப் பத்தரை சதவீத வட்டியில் பத்தாண்டுத் தவணையில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 54,000 ரூபாய் கட்ட வேண்டும். தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வு அமைப்புகளிலும் புதிதாகச் சேர்பவருக்குக் கிடைக்கும் மாதச் சம்பளம் பல இடங்களில் இதைவிடக் குறைவு. படிப்பு முடிந்தபின் அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்று முகவர்கள் சொல்வார்கள். படித்த பின் தங்கி வேலை தேட இதுவரை அளிக்கப்பட்ட இரண்டு ஆண்டுக் காலம், 2027 முதல் விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. அதைவிட முக்கியமாக, இத்துறையின் வேலைவாய்ப்பே சுருங்கியிருக்கிறது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையோடு தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்திவிட்டது. அதன் நிதியை நம்பியிருந்த நிறுவனங்கள் உலகெங்கும் ஆட்களைக் குறைத்தன. பிரிட்டனும் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2021இல் 0.5 ஆக்கியது, 2027இல் 0.3 ஆக்கப்போகிறது. பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களே வேலை தேடிக்கொண்டிருக்கும் சந்தையில் உங்கள் மகள் கடனோடு இறங்க வேண்டியிருக்கும்.

கிடைத்த இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அனுமதிப்பார்கள். அந்த ஓராண்டில் களப்பணி உள்ள வேலை ஒன்றில் சேரட்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் (இதற்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும்), காமன்வெல்த் உதவித்தொகை, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கட்டும். முழுச் செலவையும் ஏற்கும் திட்டங்கள் இவற்றில் உள்ளன. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் தனித்தனியே உதவித்தொகை வழங்குகின்றன. உங்களுக்குப் பொருந்துமானால் மாவட்ட நல அலுவலகத்தில் விசாரியுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், திண்டுக்கல் காந்திகிராமம் போன்றவை இருக்கின்றன. கல்வித் தரத்தில் இவை குறைந்தவை அல்ல. அசிம் பிரேம்ஜியில் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. வறுமையைப் படிக்கப் போகும் மகளுக்காக ஒரு விவசாயக் குடும்பம் நிலம் இழப்பதை நான் எந்தக் காரணத்தாலும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: அம்மா, நான் மலையகத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஐந்து வருடங்களாக ஆசிரியராக இருக்கிறேன். பேராதனையில் பட்டம் பெற்றேன். என் பெற்றோர் தோட்டத் தொழிலாளர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் படிப்பு எட்டுமா? எதை ஆய்வு செய்வது?
– ஆசிரியர், ஹட்டன்

பதில்: எட்டும். செவனிங் உதவித்தொகை இலங்கையருக்கும் உண்டு. இரண்டு வருட வேலை அனுபவத்தைக் கேட்கிறார்கள், ஆசிரியப் பணி அதற்குப் பொருந்தும். கட்டணம், தங்கும் செலவு, விமானப் பயணம் ஆகியவற்றை ஏற்பார்கள். படித்து முடித்தபின் இரண்டு வருடங்கள் நாட்டுக்குத் திரும்பி வந்து இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சொந்தச் செலவில் பிரிட்டனில் படிக்க வசதியில்லாதவருக்கென்றே காமன்வெல்த் பகிர்வு உதவித்தொகை இருக்கிறது.

இலங்கையின் 2019ஆம் ஆண்டுக் குடும்ப வருமானச் செலவுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 14.3 சதவீதம் பேர் வறியவர்கள். தோட்டத் துறையில் அது 33.8 சதவீதம். 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்தைய எண்கள் இவை. இந்த இடைவெளியைச் சம்பளத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது, தொழிலாளர் வரிசை வீடான லயன் அறையும் அது நிற்கும் நிலமும் இன்றுவரை பெரும்பாலோருக்குச் சொந்தமாகாமல் இருப்பது, தோட்டப் பாடசாலைகள் வெகுகாலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது ஆகிய அனைத்தும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. வறுமை எப்படி உண்டாக்கப்படுகிறது என்று உலகுக்குக் காட்டக்கூடிய மிகத் தெளிவான வரலாறுகளில் உங்கள் மக்களின் வரலாறும் ஒன்று. அதை உள்ளிருந்து எழுதியவர்கள் இன்னும் போதுமான அளவில் வரவில்லை.

ஆய்வுப் பொருளை வெளியே தேட வேண்டியதில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடும், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் தரும் மாதங்களில் உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வராமல் போகிறார்கள் என்பது வரவுப் பதிவேட்டில் இருக்கிறது. 2023இல் சமுர்த்தி என்ற அரசு நலத்திட்டத்துக்குப் பதிலாக வந்த அஸ்வெசும உதவி, ஒரே லயத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றுக்குக் கிடைத்து மற்றதற்குக் கிடைக்காமல் போனது எதனால் என்று கேட்டாலே ஓர் ஆய்வேட்டுக்குரிய கேள்வி வந்துவிடும். விண்ணப்பக் கட்டுரையில் வறுமையை ஒழிக்க வேண்டும் என்று பொதுப்படையாக எழுதாமல், இப்படி ஒரு கேள்வியை முதல் பத்தியிலேயே வைத்து, அதற்கு விடை காண அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் உதவும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பதிவேட்டைப் பயன்படுத்துவதற்கு முன் பாடசாலை அதிபரின் எழுத்துமூல அனுமதியைப் பெறுங்கள், பிள்ளைகளின் பெயரை எங்கும் குறிப்பிடாதீர்கள். செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் முடிந்துவிடும். மூன்று பாடநெறிகளைத் தெரிவு செய்ய வேண்டும். பேராதனையில் உங்களுக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவரிடமும் உங்கள் அதிபரிடமும் பரிந்துரைக் கடிதத்துக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.